கலை படித்தால் சோறு கிடைக்குமா?

(பள்ளியின் ஆண்டுப் பரிசளிப்பு விழாவில், முன்னாள் மாணவரும் விளம்பர எழுத்தாளருமான சிறப்பு விருந்தினர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

மேசையில் அடுக்கியிருக்கும் கிண்ணங்களையே பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளிடம் நீண்ட நேரம் பேசுவது பாவம். ஆகவே சுற்றி வளைக்காமல் ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, அதற்கு எனக்குத் தெரிந்த பதிலைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

நம் வீடுகளில் ஒரு பிள்ளை, "நான் டாக்டருக்குப் படிக்கப் போறேன்" என்று சொன்னால், அப்பாவின் முகம் மலர்கிறது. "எஞ்சினியருக்குப் படிக்கிறேன்" என்றால் அம்மா பக்கத்து வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொல்லிவிட்டு வருகிறார். அதே பிள்ளை, "எனக்குத் தமிழும் சரித்திரமும்தான் பிடிச்சிருக்கு, நான் கலைப் பிரிவுக்குப் போறேன்" என்று சொன்னால் வீட்டில் ஓர் அமைதி வருகிறது. கொஞ்ச நேரம் கழித்து அப்பா மெதுவாகக் கேட்கிறார்: "அதைப் படிச்சா சோறு கிடைக்குமா?"

அந்தக் கேள்வியைக் கேட்கும் அப்பாவை நான் குறை சொல்லமாட்டேன். விடியற்காலை இருட்டில் எழுந்து, கொசுக்கடியில் நின்று, மரம் மரமாய் வெட்டிச் சம்பாதித்த காசைப் பிள்ளை படிப்பில் போடுகிறவர் அவர். அந்தக் காசு வீணாகுமோ என்று பயப்பட அவருக்கு முழு உரிமை உண்டு. என் அப்பாவும் கேட்டார். நான் லயத்து வீட்டில் பிறந்து, பால்மரம் வெட்டிய தாய் தகப்பனுக்கு மகனாய் வளர்ந்து, ஆறாம் படிவத்தில் கலைப் பிரிவு படித்து, பிறகு தமிழும் வரலாறும் படித்துப் பட்டம் வாங்கியவன். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு இத்தனை ஆண்டுகளாக விளம்பர வாசகம் எழுதிப் பிழைக்கிறேன். அந்தத் தைரியத்தில்தான் இந்த மேடையில் நிற்கிறேன்.

விளம்பரம் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ஒரு நடிகை சவர்க்காரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு சிரிப்பார். அது கடைசியில் கண்ணுக்குத் தெரிகிற 30 விநாடி மட்டும்தான். அதற்குப் பின்னால் பலருடைய வேலை இருக்கிறது. ஒரு நிறுவனம் மிளகாய்த்தூள் தயாரிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இதை வாங்கப் போவது யார், இப்போது எதை வாங்குகிறார்கள், ஏன் வாங்குகிறார்கள் என்று வீடு வீடாய்க் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆராய்ச்சிக்காரர் வேண்டும். கேட்டதையெல்லாம் வைத்து, "இவர்களிடம் இந்த ஒரு விஷயத்தைத்தான் சொல்லவேண்டும்" என்று தீர்மானிக்கத் திட்டமிடுபவர் வேண்டும். அதை மனத்தில் தைக்கிற மாதிரி சொல்ல எழுத்தாளரும் ஓவியரும் வேண்டும். முதலாளியிடம் போய்ப் பேசி ஒப்புக்கொள்ள வைக்க ஒருவர் வேண்டும். எந்த வானொலியில், எந்த நேரத்தில், எத்தனை தடவை போடுவது என்று கணக்குப் பார்க்க ஒருவர் வேண்டும். இதில் கணக்கு தெரிந்தவருக்கும் இடமுண்டு, கதை தெரிந்தவருக்கும் இடமுண்டு.

நம் வள்ளுவர் பொருட்பாலில் சொல்வன்மை என்று ஓர் அதிகாரம் வைத்தார், அது 65-ஆவது. குறிப்பறிதல் என்று ஒன்று வைத்தார், அது 71-ஆவது. அவையறிதல் 72-ஆவது. வாய் திறந்து சொல்லாததை முகம் பார்த்து அறிவது, கேட்பவர் யார் என்று தெரிந்து பேசுவது, பேசுவதைப் பிசகாமல் பேசுவது. மந்திரிக்கும் தூதனுக்கும் இந்தக் குணங்கள் வேண்டும் என்று வள்ளுவர் அன்றைக்கு வைத்தார். இன்றைக்கு விளம்பர நிறுவனத்தில் ஆள் எடுக்கும்போது தேடுவதும் ஏறக்குறைய இவற்றைத்தான். இவை எந்தப் பாடத்தில் கிடைக்கின்றன? கதையிலும் கவிதையிலும் வரலாற்றிலும் கிடைக்கின்றன. பிறர் மனசுக்குள் புகுந்து பார்க்கிற பழக்கம் இலக்கியம் படிப்பவனுக்கு வருகிறது. மக்கள் எதற்குப் பயந்தார்கள், எதற்கு ஆசைப்பட்டார்கள், எதற்காக ஊர் விட்டு ஊர் போனார்கள் என்று பார்க்கிற கண் வரலாறு படிப்பவனுக்கு வருகிறது.

இது வெறும் மேடைப் பேச்சு என்று நினைக்காதீர்கள். மூன்று பேருடைய வாழ்க்கையைச் சொல்கிறேன்.

முதலாமவர் அமெரிக்கர், பெயர் பில் பெர்ன்பாக். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படித்து 1932-இல் பட்டம் பெற்றார். 1949-இல் இரண்டு கூட்டாளிகளோடு சேர்ந்து விளம்பர நிறுவனம் தொடங்கினார். அதுவரை எழுத்தாளர் ஓர் அறையில் எழுதுவார். எழுதியது வேறோர் அறைக்குப் போகும். அங்கே ஓவியர் படம் போடுவார். பெர்ன்பாக் இருவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்துச் சேர்ந்து யோசிக்கச் சொன்னார். பெரிய பெரிய காராகத் தேடி வாங்கிக்கொண்டிருந்த அமெரிக்காவில், ஃபோக்ஸ்வேகன் என்ற சின்னக் காருக்கு 1959-இல் அவருடைய நிறுவனம் விளம்பரம் செய்தது. காரின் சிறிய உருவத்தை அவர்கள் மறைக்கவில்லை. பெரிய வெள்ளைத் தாளில் அந்தக் காரை இன்னும் சின்னதாய்ப் போட்டு, சின்னதாய் இருப்பதே நல்லது என்று சொன்னார்கள். விளம்பரம் படிக்கும் மாணவர்களுக்கு இன்றும் அதைக் காட்டிப் பாடம் நடத்துகிறார்கள்.

இரண்டாமவர் இந்தியாவின் பியூஷ் பாண்டே. 1955-இல் ஜெய்ப்பூரில் பிறந்தவர். டில்லியில் வரலாறு படித்தவர். ராஜஸ்தான் மாநிலத்துக்காகக் கிரிக்கெட் ஆடினார். பிறகு கல்கத்தாவில் என்ன வேலை பார்த்தார் தெரியுமா? தேயிலையைச் சுவைத்துத் தரம் பிரிக்கிற வேலை! தோட்டத்துப் பிள்ளைகளே, நம் தோட்டத் தொழிலோடு உறவுள்ள மனிதர்தான் அவரும். 1982-இல் ஓகில்வி என்ற விளம்பர நிறுவனத்தில் சேர்ந்தார். எடுத்த எடுப்பிலேயே எழுத்தாளர் நாற்காலி கிடைக்கவில்லை. வாடிக்கையாளரைக் கவனிக்கும் பிரிவில்தான் இருந்தார். அந்தக் காலத்தில் இந்திய விளம்பரங்களைப் பெரும்பாலும் ஆங்கிலத்தில் யோசித்து, பிறகு மற்ற மொழிகளில் பெயர்ப்பார்கள். பாண்டே தெருவில் மக்கள் பேசுகிற இந்தியில் யோசித்தார். அங்கேதான் அவருடைய வெற்றி தொடங்கியது. 1988-இல் இந்தியத் தொலைக்காட்சியில் ஒலித்த ஒற்றுமைப் பாடலின் இந்தி வரிகள் அவர் எழுதியவை. அதில் தமிழ் வரியைப் பாலமுரளி கிருஷ்ணா பாடினார். இளம்பிள்ளை வாதத்துக்குச் சொட்டு மருந்து கொடுக்கச் சொல்லி, நடிகர் அமிதாப் பச்சனை வைத்து வந்த விளம்பரங்களும் அவருடையவை. 2014-இல் உலகச் சுகாதார நிறுவனம் இந்தியாவை அந்த நோய் இல்லாத நாடாக அறிவித்தது. வெயிலில் வீடு வீடாய் நடந்த சுகாதாரப் பணியாளர்களின் பெரும் உழைப்பு அது. அவர்கள் கதவைத் தட்டும்போது தாய்மார்கள் திறப்பதற்கு இந்தச் சொற்களும் துணை நின்றன. பாண்டே 2025 அக்டோபரில் காலமானார்.

மூன்றாமவர் நம் நாட்டுப் பெண்மணி, காலஞ்சென்ற யாஸ்மின் அகமட். 1958-இல் ஜொகூர், மூவாரில் பிறந்தார். இங்கிலாந்தின் நியூகாசல் பல்கலைக்கழகத்தில் அரசியலும் உளவியலும் படித்தார். அது கலைப் படிப்புதானே! வங்கிப் பயிற்சி வேலையில் கொஞ்ச நாள்தான் இருந்தார். பிறகு விளம்பரத் துறைக்கு வந்து, கோலாலம்பூர் லியோ பர்னட் நிறுவனத்தில் படைப்புப் பிரிவின் தலைமைக்கு உயர்ந்தார். ஹரிராயா, சீனப் புத்தாண்டு, தீபாவளி, சுதந்திர தினம் வந்தால் பெட்ரோனாஸ் விளம்பரத்துக்காக நாம் தொலைக்காட்சி முன்னால் காத்திருந்தோமே, அவற்றில் பலவற்றைச் செய்தவர் அவர்தான். அந்த விளம்பரங்களில் பெட்ரோலைப் பற்றி ஒரு பேச்சு இருக்காது. பெற்றவர்களை மறந்த பிள்ளைகள், ஒரு சீனப் பையனுக்கு ஒரு மலாய்ச் சிறுமி மேல் இருக்கும் பிரியம், இப்படி நம் வீட்டுச் சங்கதிதான் இருக்கும். பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். 2009-இல் வந்த அவருடைய 'டேலண்டைம்' படத்தில் காது கேளாத ஒரு தமிழ்ப் பையன்தான் முக்கியமான பாத்திரம். அதே ஆண்டு ஜூலை மாதம் 51 வயதில் அவர் மறைந்தார். மூன்று இன மக்களின் மனசையும் படித்துத் தெரிந்துகொண்டதுதான் அவருடைய மூலதனம்.

சரி, இவர்களெல்லாம் பெரிய ஆட்கள். நம் தோட்டத்துப் பிள்ளைக்கு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். என் தொழிலில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

ஒரு வங்கியின் சேமிப்புக் கணக்குக்குத் தமிழில் வானொலி விளம்பரம் எழுத வேண்டியிருந்தது. ஆங்கில வாசகத்தைக் கையில் கொடுத்தார்கள். "மழை நாளுக்காகச் சேமியுங்கள்" என்பது அதன் பொருள். ஆங்கிலத்தில் மழை நாள் என்றால் கஷ்ட காலம். அதை அப்படியே தமிழில் போட்டால், பட்டணத்துக்காரர், "மழைக்கு எதுக்குப்பா சேமிக்கணும், குடை வாங்கவா?" என்று கேட்பார். ஆனால் பால்மரம் வெட்டுகிற வீட்டில் வளர்ந்தவனுக்கு மழை நாள் என்றால் என்னவென்று தெரியும். பட்டை நனைந்திருந்தால் பால் கோட்டை விட்டு வழிந்துவிடும், மங்கில் தண்ணீர் ஏறிவிடும். அன்றைக்கு வெட்டு கிடையாது. நான் இப்படி எழுதினேன்: "மழை பெஞ்சா வெட்டு இல்ல. வெட்டு இல்லேன்னா சம்பளம் இல்ல. நம்ம அடுப்புக்கு அது தெரியுமா?" வேறொன்றும் அலங்காரம் செய்யவில்லை. கேட்ட தோட்டத்துச் சனங்கள், "இது நம்ம வீட்டுப் பேச்சாச்சே!" என்றார்கள்.

அந்த வரியைப் பல்கலைக்கழகம் மட்டும் எனக்குக் கொடுக்கவில்லை, லயம் மட்டும் கொடுக்கவும் இல்லை. லயத்தில் பார்த்த வாழ்க்கையை எடுத்து வெளியில் வைக்கத் தெரிந்தது படிப்பால். ஆகவே பிள்ளைகளே, நீங்கள் பிறந்த இடத்தைச் சொல்ல வெட்கப்படாதீர்கள். அம்மா சந்தையில் பேரம் பேசுவதையும், பாட்டி கோபத்தில் சொல்லும் பழமொழியையும் காது கொடுத்துக் கேளுங்கள். அந்தச் சரக்கு எந்தக் கடையிலும் விலைக்குக் கிடைக்காது.

இனி பெற்றோர்களிடம் கொஞ்சம் ஒளிவு மறைவில்லாமல் பேசவேண்டும். கலைப் பட்டம் வாங்கினால் வேலை தானாக வந்து கதவைத் தட்டும் என்று நான் சொல்லமாட்டேன். டாக்டர் பட்டத்துக்கு ஒரு நேர்வழி இருக்கிறது. இந்தத் தொழிலுக்கு அப்படி ஒரு தார் ரோடு கிடையாது, ஒற்றையடிப் பாதைதான். முதல் சில ஆண்டுகள் சம்பளம் குறைவு, வேலை நேரம் அதிகம். பத்து எழுதினால் ஒன்பது குப்பைக் கூடைக்குப் போகும். மனசு உடையாமல் பதினோராவதை எழுதுகிறவன்தான் நிற்பான். தமிழ் மட்டும் போதாது. மலாயில் எழுதவும் ஆங்கிலத்தில் பேசவும் தைரியம் வேண்டும். நம் பிள்ளைகளுக்கு மூன்று மொழி சின்ன வயசிலேயே காதில் விழுகிறது. மூன்றையும் அரைகுறையாய் விட்டால் அது சுமை; மூன்றையும் ஒழுங்காய்ப் பழகிக்கொண்டால் அதுவே சொத்து.

இன்னொன்றையும் எச்சரிக்கையாகச் சொல்கிறேன். 'மார்க்கெட்டிங்' என்ற பெயரைப் போட்டு எத்தனையோ வேலை விளம்பரம் வருகிறது. போய்ப் பார்த்தால் முன்பணம் கட்டு, பொருளை வாங்கு, சொந்தக்காரர் வீட்டில் விற்றுக்கொடு என்பார்கள். நம்மிடம் காசு கேட்கிற வேலை வேலையே இல்லை. அதுபோல, கல்லூரி முகவர் வந்து பளபளப்பான தாளைக் காட்டினால் உடனே கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். 2007-இல் அமைக்கப்பட்ட மலேசியத் தகுதி நிறுவனம், அதாவது எம்.கியூ.ஏ., அங்கீகரித்த படிப்புகளின் பட்டியலை இணையத்தில் வைத்திருக்கிறது. அந்தப் படிப்பின் பெயர் அதில் இருக்கிறதா என்று ஓர் ஆசிரியரிடம் கொடுத்துப் பார்த்த பிறகு கடன் வாங்குங்கள். பி.டி.பி.டி.என். கடனும் கடன்தான், பிள்ளை திருப்பிக் கட்டவேண்டும்.

வழி என்ன என்று கேட்பவர்களுக்கு வரிசையாகச் சொல்கிறேன். எஸ்.பி.எம்.மில் தமிழ்மொழியை விட்டுவிடாதீர்கள்; முடிந்தால் தமிழ் இலக்கியத்தையும் எடுங்கள். அதன் பிறகு அரசாங்கப் பள்ளியிலேயே ஆறாம் படிவம் இருக்கிறது. மூன்று தவணை, ஒன்றரை ஆண்டு; தனியார் கல்லூரியோடு பார்க்கும்போது செலவு மிகக் குறைவு. எஸ்.டி.பி.எம்.மில் தமிழும் வரலாறும் எடுக்கலாம், பொருளியலும் எடுக்கலாம். பிறகு பல்கலைக்கழகம். மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956-இல் தொடங்கிய இந்திய ஆய்வியல் துறை இருக்கிறது. ஊடகம், உளவியல், வரலாறு என்று வேறு கதவுகளும் இருக்கின்றன. எந்தக் கதவில் நுழைந்தாலும், விடுமுறையில் ஒரு விளம்பர நிறுவனத்திலோ வானொலியிலோ பத்திரிகையிலோ பயிற்சிக்குப் போய் நிற்கவேண்டும்.

இந்தத் துறையில் சான்றிதழைப் பார்த்த கையோடு, "நீ செய்ததைக் காட்டு" என்று கேட்பார்கள். அதற்கு வேலை கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் அக்கா பசார் மாலாமில் வடை போடுகிறாரா? அந்தக் கடைக்கு ஒரு பெயர்ப்பலகை வாசகம் எழுது. இரண்டு வாரம் பழைய பலகை, இரண்டு வாரம் உன் பலகை. எதில் வடை அதிகம் விற்றது என்று நோட்டில் குறித்து வை. பள்ளிச் சந்தைக்கு ஒரு சுவரொட்டி செய். கோயில் இரத்ததான முகாமுக்கு, சனங்கள் பயப்படாமல் வருகிற மாதிரி நாலு வரி எழுது. இப்படி எட்டுப் பத்து வேலைகளை, ஏன் செய்தாய், என்ன நடந்தது என்று எழுதிக் கோப்பில் வைத்தால், அதுதான் உன் உண்மையான சான்றிதழ்.

"இப்போது கணினியிடம் கேட்டால் அதுவே விளம்பரம் எழுதித் தருகிறதே, அப்புறம் ஆள் எதுக்கு?" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். செயற்கை நுண்ணறிவு வந்தபிறகு சுமாரான வாசகத்துக்கு மதிப்புக் குறைந்துவிட்டது. சுமாராக எழுதுகிறவன் கவலைப்படத்தான் வேண்டும். ஆனால் அது எழுதித் தருகிற பத்தில் எது நம் சனங்களின் நெஞ்சில் படும், எது அவர்களைப் புண்படுத்தும் என்று பொறுக்கி எடுக்க மனிதரை அறிந்தவன் வேண்டும். மழை நாளில் அடுப்பு எரியாத வீட்டில் இருந்தவனுக்குத்தான் அந்தக் கணினியிடம் என்ன கேட்கவேண்டும் என்பதே தெரியும்.

கடைசியாக ஒரு வார்த்தை. சொல் ஒரு கத்தி மாதிரி. பால் வெட்டுகிற உளியை அளவாய்ப் பிடித்தால் மரம் வருஷக்கணக்காய்ப் பால் கொடுக்கும். ஆழமாய் இறக்கினால் மரம் காயப்பட்டுப் போகும். இந்தத் தொழிலும் அப்படித்தான். நீரிழிவைக் குணமாக்கும், புற்றுநோயைத் தீர்க்கும் என்றெல்லாம் பொதுமக்களிடம் மருந்து விளம்பரம் செய்யக்கூடாது என்று 1956-ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டமே தடுக்கிறது. அப்படியிருந்தும் கைப்பேசியில் அந்த மாதிரி செய்தி தினமும் வருகிறது. நம்முடைய வயசானவர்கள் நம்பிக் காசு அனுப்புகிறார்கள். அந்தப் பொய்யை எழுதியவனும் மொழி படித்தவன்தான். என் அம்மாவிடம் சொல்ல முடியாத எதையும் வானொலியில் சொல்லமாட்டேன் என்று ஒரு கோடு போட்டுக்கொண்டு நான் பிழைத்திருக்கிறேன். அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றும் சோறு கிடைக்கிறது என்பதற்கு நானே சாட்சி.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை கதைப் புத்தகம் படித்தால், "பாடத்தைப் படிக்காம கதை படிக்கிறியா?" என்று பிடுங்கி வைக்காதீர்கள். அவன் சொல்லும் கதையைப் பத்து நிமிஷம் உட்கார்ந்து கேளுங்கள். கணக்கில் கெட்டிக்காரனைக் கணக்குக்கு அனுப்புங்கள். சொல்லில் கெட்டிக்காரியைச் சொல்லுக்கு அனுப்புங்கள். பக்கத்து வீட்டுக்காரர் என்ன சொல்வார் என்று ஒரு பிள்ளையின் வாழ்க்கையைத் தீர்மானிக்க வேண்டாம்.

தம்பி தங்கைகளே, இன்றைக்குக் கட்டுரைப் போட்டியிலும் பேச்சுப் போட்டியிலும் கதை சொல்லும் போட்டியிலும் பரிசு வாங்கப் போகிறவர்கள் இங்கே இருக்கிறீர்கள். கணக்கிலும் அறிவியலிலும் வாங்குகிறவர்களுக்கு எவ்வளவு கைதட்டுகிறோமோ, அவ்வளவு உங்களுக்கும் தட்டும்படி இந்தச் சபையைக் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் வாங்குவதும் ஒரு தொழிலுக்கான முதல் சம்பளம்தான்.